இறால் மேலேறும் இரவுகள்: தனியாகக் களப்பணிக்குப் போகிறவர்களுக்கு

கரையோரக் கடலில் இறால்கள் நாள்தோறும் மேலேறி இறங்குவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியபோது, கப்பலும் திட்ட நிதியும் இல்லாத ஒரு மாணவி இரவுக் கடலில் எவற்றையெல்லாம் சந்திக்க நேரும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் வரைபடங்கள் இருக்கின்றன; அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியை வைக்க எவ்வளவு டீசல் எரிந்தது, கயிறு எந்தப் பக்கம் சாய்ந்தது, மாதிரி எடுத்தவர் எங்கே சிறுநீர் கழித்தார் என்பவை இல்லை. எனக்கு ஒரு முழுப் பருவமும், பெரும்பகுதி கடனாக வாங்கிய இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேலும் வீணாயின. அம்மாவின் சங்கிலி அடகுக் கடையிலிருந்து திரும்பி வர வெகுகாலம் ஆனது. இனி இதே வேலைக்குக் கிளம்புகிறவர்கள் அந்த இழப்பைத் தவிர்க்க முடியும் என்று உறுதியாக நம்புவதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆய்வு நடந்த இடம் பரங்கிப்பேட்டைக்கு அருகே வெள்ளாற்று முகத்துவாரமும், அதற்கு வெளியே ஆறு பாகம், அதாவது ஏறத்தாழ பதினொரு மீட்டர் ஆழமுள்ள கடலும். வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலில்தான் முட்டையிடுகின்றன. நாப்ளியஸ், புரோட்டோசோயியா, மைசிஸ் ஆகிய நிலைகளைக் கடந்த குஞ்சு, பொரிப்பகத்துக்காரர்கள் பி.எல். (போஸ்ட் லார்வா) என்று அழைக்கும் பருவத்தை அடைந்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் கழிமுகத்துக்குள் நுழைகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள அந்த உயிரால் ஆற்று நீரை எதிர்த்து நீந்திச் செல்ல இயலாது. கடல்நீர் உள்ளே ஏறும் ஏற்றத்தின்போது நீரின் நடுவுக்கும் மேலுக்கும் எழுந்து வெள்ளத்தோடு உள்ளே போவதும், அது கடலுக்குத் திரும்பும் வற்றத்தின்போது தரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே அடித்துச் செல்லப்படாமல் இருப்பதுமே அதற்குத் தெரிந்த வழி. ஃபுளோரிடாவின் இளஞ்சிவப்பு இறால் குஞ்சுகள் நீரின் உப்பு கூடும்போது எழுகின்றன, குறையும்போது தரைக்கு இறங்குகின்றன என்று 1969இல் ஹியூஸ் காட்டினார். கூனி இறாலின் கதை வேறு. சந்தையில் காய்ந்த சென்னாக்குன்னியாக நாம் வாங்கும் அந்தச் சிற்றிறால், பார்த்து வேட்டையாடும் மீன்களுக்குப் பயந்து பகலில் கீழேயும், இருட்டியதும் இரைக்காக மேலேயும் இருக்கிறது. வளர்ந்த புலி இறால் வகைகளில் பல பகலில் மணலிலும் சேற்றிலும் புதைந்துகொண்டு இரவில்தான் வெளிவருகின்றன. ஆக, ஒரே நீர்ப்பத்தியில் ஒன்று ஓதத்துக்கு, அதாவது கடல் ஏறி வற்றுவதற்குக் கட்டுப்படுகிறது, இன்னொன்று ஒளிக்குக் கட்டுப்படுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதே என் ஆய்வின் நோக்கமாக இருந்தது. அது எளிய வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

படகு கிடைப்பதே முதல் சோதனை. ஓர் இரவு முழுக்க ஃபைபர் படகை எடுத்தால் அந்த வீட்டின் ஒரு நாள் பாடு போய்விடும். ஆகவே வாடகை என்பது டீசல் செலவு மட்டுமன்று. படகுப் பங்கு, இரண்டு ஆள் பங்கு, அன்று விழுந்திருக்கக்கூடிய மீனின் மதிப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தது. எங்கள் பேச்சு எட்டாயிரம் ரூபாயில் முடிந்தது. அதைக் கூடுதல் என்று கருதி நான் பேரம் பேசவில்லை, நீங்களும் பேச வேண்டாம். கடலில் விடியற்காலை மூன்று மணிக்கு வலையை இன்னொரு முறை இறக்கச் சொல்லும்போது அந்த நியாயமான கூலிதான் உங்களுக்காகப் பேசும். அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்களில் இறால் நன்றாக விழும் என்பதால் படகுக்காரர்கள் வாடகைக்கு வரத் தயங்குவார்கள் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். அந்த நாட்களிலும் படகு வேண்டுமென்றால் முன்பணத்தை அவற்றுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

பெண் என்பதால் வந்த சிக்கலை மறைத்து எழுத விரும்பவில்லை. என் கல்வி நிறுவனம் இரவுக் களப்பணிக்கு எழுத்து மூலம் அனுமதி தர மறுத்தது. ஆனால் இரவு மாதிரிகள் இல்லாத ஆய்வேட்டை ஏற்கவும் அது தயாராக இல்லை. படகுக்கார அண்ணனின் மனைவிதான் வழி காட்டினார். மீன் விற்கப் போகும் அந்த அக்கா தானே உடன் வர முன்வந்தார். படகின் பின்பகுதியில் இரண்டு மூங்கிலை நட்டுத் தார்ப்பாயைக் கட்டி, உள்ளே ஒரு மூடி போட்ட வாளியை வைத்தார். முதல் இரவில் அந்த ஏற்பாடு இல்லாமல் மாலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, விடியும்போது தலைசுற்றி விழுந்து, அடுத்த வாரம் சிறுநீர்ப் பாதைத் தொற்றோடு மருத்துவரிடம் போனேன். அந்த வலியோடு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அக்காவுக்கும் ஓர் ஆள் பங்கைத் தனியாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகே என்னால் இரவு முழுவதும் தெளிவான மனத்தோடு வேலை செய்ய முடிந்தது. களப்பணிச் செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

வேலையின் முறை இதுதான்: மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மேல்நீர், நடுநீர், தரையை ஒட்டிய நீர் ஆகிய மூன்று ஆழங்களில், நீரில் மிதக்கும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் 500 மைக்ரான் கண்ணி உள்ள பிளாங்க்டன் வலையை இழுத்து, வலைக்குள் போகும் நீரை அளக்க வலைவாயில் கட்டிய ஃப்ளோமீட்டரின் எண்ணைக் குறித்து, நீரின் உப்பையும் வெப்பத்தையும் அளந்து, பிடிபட்டதைப் புட்டியில் சேர்ப்பது. தாளில் எழுதும்போது இதில் எந்தச் சிரமமும் தெரியாது. கடலில் முதலில் ஏமாற்றுவது கயிறு. பத்து மீட்டர் கயிறு விட்டால் வலை பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று பொருளில்லை. கயிறு செங்குத்திலிருந்து 45 பாகை சாய்ந்தால் வலை ஏழு மீட்டரில்தான் நிற்கும், 60 பாகை சாய்ந்தால் ஐந்து மீட்டரில் நின்றுவிடும். வற்றம் வேகமாக ஓடும் நேரத்தில் முகத்துவாரத்தில் அந்த அளவு சாய்வு சாதாரணமாகவே வரும். பள்ளிக்கூடக் கோணமானியின் நடுவில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் தூண்டில் ஈயக்குண்டைத் தொங்கவிட்டால் சாய்வை அங்கேயே படிக்கலாம். செலவு முப்பது ரூபாய். ஒவ்வொரு இழுப்புக்கும் இந்தக் கோணத்தைக் குறித்திருந்ததால்தான் என் ஆழக் கணக்குகள் பின்னாளில் கேள்விக்கு உள்ளாகவில்லை. இன்னொன்று, மூடும் வசதி இல்லாத வலையைத் தரையிலிருந்து மேலே இழுக்கும்போது வழியில் உள்ள மேல்நீர் உயிர்களும் அதில் சேர்ந்துவிடும். கயிற்றில் ஓடிப்போய் மோதி வாயை மூடும் குண்டு உள்ள வலை விலை அதிகம். வாங்க முடியாதவர்கள், வலையின் இடுப்பில் இன்னொரு கயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே இழுக்கும் முன் அதைச் சுண்டி இறுக்கிவிடலாம். அதோடு, ஆழத்துக்கு இறக்கி, அங்கே இழுக்காமல் உடனே மேலே தூக்கும் ஒரு வெற்று இழுப்பையும் ஒவ்வொரு இரவும் எடுத்து, அதில் வந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விளக்கு. முதல் இரவில் படகில் பேட்டரி விளக்கு எரிந்தது. அது இல்லாமல் புட்டியில் எழுதவே முடியாது. சற்று நேரத்தில் படகின் ஓரத்தில் விளக்கு விழுந்த வட்டத்துக்குள் கூனி இறால் திரளத் தொடங்கியது. நீர் பால் கலந்ததுபோல் மங்கியது. இடையிடையே பெரிய இறாலின் கண்கள் கனல் நிறத்தில் ஒளிர்ந்து மறைந்தன. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காட்சியின் பொருள் என்னவென்றால், அன்று மேல்நீரில் எடுத்த மாதிரிகள் அனைத்தும் விளக்கைக் கண்டு வந்தவை. இரவில் தானாக மேலேறியவை எவை என்று அவற்றிலிருந்து சொல்ல முடியாது. மறுமுறை விளக்கை அணைக்கக் கேட்டபோது அண்ணன், “லைட்ட அணைச்சிட்டா போட்டுக்காரனுக்கு நாம இருக்குறது எப்படிம்மா தெரியும்?” என்றார். அவர் பயந்தது நடந்தது. விசைப்படகுகள் கரையை ஒட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்ள கட்டுப்பாடு; ஆனாலும் ஓர் இரவு அந்த எல்லைக்குள்ளேயே வந்த ஒரு விசைப்படகு எங்களுக்குப் பின்னால் குறுக்கே போனது. கயிறு இழுபட்டு அறுந்தது. வலை, ஃப்ளோமீட்டர், ஈயக்குண்டு எல்லாம் போயின. வலை தைக்க ஆன பதினெட்டாயிரமும், ஆய்வகத்துக்குச் சொந்தமான ஃப்ளோமீட்டரின் விலையாக அறுபத்தைந்தாயிரமும் என் தலையில் விழுந்தன. படகு கவிழாமல் நாங்கள் மூவரும் அண்ணனின் தம்பியும் உயிரோடு திரும்பியதை நினைத்தால் பணம் பெரிதன்று என்று இப்போது சொல்லலாம். அன்று விடுதி அறையில் அப்படித் தோன்றவில்லை.

அதன் பிறகு நாங்கள் கடைப்பிடித்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மிதவை வலைகளில் மீனவர்கள் கட்டும் மினுக்கு விளக்குகளை வாங்கி, மிதவைகளில் கட்டிப் படகுக்கு முன்னும் பின்னும் வெகுதூரத்தில் விட்டோம். அவற்றின் ஒளி வலைவாயைத் தொடாது, ஆனால் வருகிற படகுக்குத் தெரியும். ஒருவர் மாதிரி வேலை எதையும் தொடாமல், பெரிய டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருப்பார். எந்த விளக்காவது நெருங்கினால் மாதிரியைக் கைவிட்டு டார்ச்சை அடிப்பதே விதி. எழுதுவதற்கு, தலையில் கட்டும் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொண்டோம். சிவப்பொளி இறாலினங்களைக் குறைவாகவே ஈர்க்கிறது. கிளம்பும் முன் முடசல் ஓடை இறங்குதளத்தில் நாங்கள் நிற்கப்போகும் இடத்தைச் சொல்லிவைத்தோம். கடலோரப் பாதுகாப்புக் குழும நிலையத்துக்கும் கடிதம் கொடுத்தோம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் ஒருநாளும் இறங்கவில்லை. உபகரணக் காப்பீடு பற்றித் துறையில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஒரு தாள் இருந்திருந்தால் அறுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு நான் வட்டி கட்டியிருக்க மாட்டேன்.

மாதிரிகளைப் பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் ஐந்து சதவீத ஃபார்மலின் போதும். அதில் போராக்ஸ் கலந்து அமிலத்தன்மையைப் போக்காவிட்டால் நாளடைவில் மாதிரி கெடும். புட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிர்களை அடைத்தால் உள்ளே அழுகும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளே போட வேண்டும். மரபணு வேலை செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு பங்கைக் கடலிலேயே எத்தனாலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வீழ்த்தியது நாட்களைத் தேர்ந்தெடுத்த முறை. என் ஆய்வுக்குழு வகுத்துக் கொடுத்த திட்டம், நிலவொளியின் வேறுபாட்டைக் காட்டும் பொருட்டு அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் மட்டும் மாதிரி எடுக்கச் சொன்னது. பல ஆய்வுகளில் உள்ள நடைமுறைதான் அது. ஜனவரியில் தொடங்கி, ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும்வரை அப்படியே எடுத்தேன். பல மாதங்கள் நுண்ணோக்கியில் எண்ணி முடித்து, முடிவுகளை முன்வைத்த நாளில் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் ஒரே கேள்வியைக் கேட்டார்: நள்ளிரவில் பி.எல். மேலே இருப்பது இருட்டினாலா, ஏற்றத்தினாலா? பதில் சொல்ல என் தரவில் வழியே இல்லை. ஓதம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஆனால் ஓர் இடத்தில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஏற்றம் கிட்டத்தட்ட ஒரே கடிகார நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே நான் எடுத்த ஒவ்வோர் இரவிலும் ஒரு குறிப்பிட்ட மணிக்கு ஒரே விதமான நீரோட்டம்தான் இருந்தது. நேரமும் ஓதமும் பிரிக்கவே முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எத்தனை மாதம் அதே திட்டத்தில் தொடர்ந்தாலும் அந்தப் பின்னல் அவிழ்ந்திருக்காது. அந்த அறையில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் வெளியே வந்ததும் கால்கள் நடுங்கி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடனே திரும்பக் கடலுக்குப் போகவும் முடியாது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளாறு பெருகி முகத்துவாரத்தின் உப்பையே மாற்றிவிடும் என்பதால் அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. உதவித்தொகையின் காலமும் அதற்குள் முடிந்துவிட்டது.

அந்தக் காத்திருப்பில்தான் பிற கடல்களின் ஆய்வுகளை வேறு கண்ணோடு படித்தேன். ஆஸ்திரேலியாவின் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் இறால் குஞ்சுகள் நாள்தோறும் ஏறி இறங்குவதையும் ஓதத்தையும் சேர்த்து 1983இல் ராத்லிஸ்பர்க்கும் அவருடைய சகாக்களும் கணித மாதிரி ஒன்றை உருவாக்கினார்கள். அங்கே ஓதம் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இரவு நேரத்தோடு அது பொருந்தும் விதம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், ஒரு பருவத்தில் மேலேறும் குஞ்சு கரை நோக்கியும் வேறொரு பருவத்தில் கரையை விட்டு விலகியும் நகரக்கூடும். மேலேறுவது மட்டும் ஒரு குஞ்சைக் காப்பாற்றுவதில்லை, எந்த நீரோட்டத்தில் மேலேறுகிறது என்பதே காப்பாற்றுகிறது என்பதை அதில் கண்டபோது, என் கேள்வியும் சரியானதே என்று மனம் தேறியது. ஜப்பானின் சுருகா வளைகுடாவில் சகுரா இறாலைப் பிடிப்பவர்கள் பகலில் 200 மீட்டருக்குக் கீழே கிடக்கும் திரள் இரவில் மேலே வரும்வரை காத்திருந்தே வலை விடுகிறார்கள். அந்த ஆழமான கடலில் ஒளிதான் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. நம் கரையோரத்தின் ஆழமற்ற நீரில் அந்தப் பாடத்தை அப்படியே பொருத்த இயலாது.

தீர்வு தினசரிக் காலண்டரில் இருந்தது. புதிய திட்டத்தை அண்ணனிடம் விளக்கியபோது அவர், “அப்ப அட்டமில வாங்க, அன்னிக்கி வெள்ளம் நேரம் மாறிக் கிடக்கும், ஓட்டமும் இருக்காது” என்றார். அமாவாசையோடு ஒப்பிட்டால் அட்டமியில் ஏற்றம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தள்ளி வருகிறது. அதாவது, அமாவாசையில் ஏற்றமாக இருந்த கடிகார நேரம் அட்டமியில் வற்றமாகிவிடும். அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. வளர்பிறை அட்டமியில் நிலவு நள்ளிரவை ஒட்டி மறைகிறது. தேய்பிறை அட்டமியில் நள்ளிரவை ஒட்டித்தான் எழுகிறது. இரண்டு அட்டமிகளிலும் ஓதத்தின் நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றில் முன்னிரவு வெளிச்சம், மற்றதில் பின்னிரவு வெளிச்சம். ஆய்வகத்தில் எவ்வளவு செலவு செய்தாலும் அமைக்க முடியாத ஒப்பீட்டை வானம் இலவசமாகத் தருகிறது. அட்டமியில் நீரோட்டம் மெலிந்திருக்கும் என்பதால், அதற்கு மூன்று நான்கு நாள் முன்னும் பின்னும் உள்ள இரவுகளையும் சேர்த்துக்கொண்டால் வேகமான ஓட்டத்திலும் வெவ்வேறு நேரச் சேர்க்கைகள் கிடைக்கும். இந்தியச் சர்வே துறை வெளியிடும் ஓத அட்டவணையில் அருகிலுள்ள துறைமுகத்தின் நேரத்தைப் பார்த்து, முகத்துவாரத்தில் ஓர் அளவுகோலை நட்டு, இரண்டுக்கும் உள்ள நேர வேறுபாட்டை நீங்களே ஒரு நாள் முழுக்க இருந்து குறித்துக்கொள்ளுங்கள். மணல்திட்டு இடம் மாறினால் அந்த வேறுபாடும் மாறும்.

இரண்டாம் பருவத்தில் கிடைத்தது இது. வளர்பிறை அட்டமியில் கூனி இறால் நள்ளிரவுவரை நடுநீரிலேயே நின்று, நிலவு மறைந்த பின் எடுத்த இழுப்புகளில் மேல்நீரில் நிறைந்தது. தேய்பிறையில் இது தலைகீழாக நடந்தது. பி.எல். நிலவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. இரவு ஏற்றத்தில் அது மேலே வந்தது, இரவு வற்றத்தில் மேல்நீர்ப் புட்டிகள் கிட்டத்தட்டக் காலியாக இருந்தன. பகல் ஏற்றத்தில் மிகக் குறைவாகவே எழுந்தது. ஒளியும் ஓதமும் சேர்ந்து அனுமதித்தால்தான் அது எழுகிறது என்பதே என் வாசிப்பு. புட்டியைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் குஞ்சுகள் துடிப்பதை அக்காவிடம் காட்டியபோது, “இதுதான் அந்த எறாலா” என்று அவர் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

வரும் ஜனவரிக்குத் திட்டமிடுகிறவர்கள் படகுக்குச் சொல்லும் முன்பே காலண்டரை எடுத்து, தடைக்காலம் வரையிலான இரண்டு வகை அட்டமிகளையும் முதலில் வட்டமிட்டு, மிச்சப் பணத்துக்கு ஏற்ப அமாவாசை, பௌர்ணமி இரவுகளைச் சேருங்கள். பணம் போதாவிட்டால் வெளிக்கடல் நிலையத்தைக் கைவிட்டு முகத்துவாரத்தில் மட்டும் நங்கூரமிட்டு நில்லுங்கள். டீசல் பாதியாகக் குறையும், வலையை நீரோட்டமே நிரப்பித் தரும். அட்டமி இரவுகளுக்குப் படகு எளிதில் கிடைக்கும், எங்களுக்கு ஆறாயிரத்துக்கே வந்தார்கள். எண்ணும் வேலைக்குக் கடலில் கழியும் நேரத்தைவிடப் பல மடங்கு தேவைப்படும் என்பதால், ஒவ்வோர் இரவின் புட்டிகளையும் அடுத்த இரவுக்கு முன்பே ஒரு பகுதியாவது எண்ணிப் பாருங்கள். ஓதமும் நேரமும் உங்கள் தரவில் பிரிந்து தெரிகின்றனவா என்பது அப்போதே தெரிந்துவிடும், திட்டத்தை மாற்றப் பருவமும் மிச்சமிருக்கும்.